கோடு விழாத குழந்தை

எந்தக் குழந்தையின் சளி எந்தக் குழந்தைக்குத் தொற்றியது என்று காப்பகத்துச் சுவர்த்திரை தினமும் மாலையில் கோடு போட்டுக் காட்டும். ஆறு மாதமாக மிதுளாவின் பெயருக்கு மட்டும் ஒரு கோடுகூட வரவில்லை.

"எம்பொண்ணு ஒடம்பு அப்படிங்க," என்று அவள் அம்மா பெருமைப்படுவாள்.

அது எப்படி என்று ஆயா ரெஜினாவின் மனம் குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் முழுக்க மிதுளாவையே கவனித்தாள். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது குழந்தை. பக்கத்தில் ஒருவரும் போகவில்லை.

மறுநாள் ரெஜினா அவளைத் தர்ஷித்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மதியம் அவன் ஒழுகும் மூக்கை உறிஞ்சியபடி, தான் கடித்த பிஸ்கட்டை அவளிடம் நீட்டினான். தடுக்க வேண்டிய ரெஜினா, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாளில் திரையில் கோடு விழுந்தது. தும்மும் மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா படபடத்தாள்.

"இவளுக்குப் போயி யாருகிட்டருந்து ஆயாம்மா ஒட்டிக்கிச்சு?"

"அவ சேக்காளிகிட்டருந்துங்க."