ஆறாவது தகடு

“இனிமேல் இந்த உலகத்துல எந்தப் பொருளும் என் கண்ணுக்குத் தப்ப முடியாது!”

முழங்கிவிட்டு, டாக்டர் இராஜமாணிக்கம் மேசைக்கு அடியில் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

“தலைமேல இருக்குடா,” என்றாள் அக்கா மயிலம்மாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

மறுநாள் ஜப்பான் மாநாடு. வழியனுப்ப வந்திருந்த, தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு கையோடு ஒரு பேனர் கொண்டுவந்திருந்தார். ‘மாணிக்கக் கோடு கண்ட மாமேதை!’ வாசகம் டாக்டரே எழுதிக் கொடுத்தது.

“அது என்ன கோடு, டாக்டரே? தோட்டத்துல கேக்குறாங்க லா.”

“வெள்ளித் தகட்டுமேல ஒரு கரைசலை ஊத்தினா, அதுல இருக்கிற மூலக்கூறெல்லாம் தானாவே கூண்டு கூண்டா நிக்கும். ராமன் விளைவு முறையில லேசர் அடிச்சா, கூண்டுக்குள்ள மாட்டினது எதுன்னு கோடு போட்டுக் காட்டிடும்.”

“எலிக்கூண்டு மாதிரி?”

“எலி கண்ணுக்குத் தெரியுமே, மண்டோர்! போன மாசம் கோலாலம்பூர்ல ஆறு தகடு செஞ்சேன். இங்க ஒரு நாள் தங்கிட்டு, சிங்கப்பூர்ல இருக்கிற லேசருக்குக் கொண்டுபோனேன். அஞ்சு தகட்டுல யாரும் பாக்காத புதுக் கோடு! நானே பேரும் வெச்சுட்டேன். ஜப்பான்ல இதைச் சொல்லிட்டா புரொபசர் பதவி எனக்குத்தான்.”

“ஆறாவது?”

“அதுல அந்தக் கோடு வரலை. கூண்டு சரியா அமையலை போல. தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்.”

திரும்பியவர் அலறினார். மயிலம்மாள் அவருடைய தகட்டுப் பெட்டியைத் திறந்து, விரல் நுனியில் விபூதியோடு நின்றிருந்தாள்.

“அக்கா! இந்த மூடநம்பிக்கையெல்லாம் விஞ்ஞானத்துக்கிட்ட வேணாம்!”

“கத்தாதடா. போன தடவையும் மாரியம்மன் துண்ணூறை ஒவ்வொரு தகட்டுலயும் தடவி, உனக்குத் தெரியக்கூடாதுன்னு ஊதிவிட்டுத்தானே அனுப்பினேன்? ஆத்தா கைவிட்டாளா?”

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆறிலும் தடவியிருந்தால் போதும்; கோடு வராத தகட்டிலும் விபூதி இருந்ததாகிவிடும், பழி அதன்மேல் விழாது.

“அக்கா... ஆறுலயும்தானே தடவினே?” குரல் கெஞ்சியது.

“அஞ்சுலதான்டா முடிஞ்சுச்சு. ஒண்ணை நீ சட்டைப் பையில போட்டுக்கிட்டு, மண்டோர்கிட்ட பெருமையடிக்கப் போயிட்டே.”