வடிவம்மாளின் பக்தி

சீனக் கோயிலைக் கூட்டித் துடைக்கும் வடிவம்மாள், மூன்று மாதமாகக் கட்டுக் கட்டாய் ஊதுபத்தி ஏற்றி ஒரு தூணையே சுற்றி வருகிறாள் என்று பட்டர்வொர்த் ஃபெர்ரித் துறை வரைக்கும் பேச்சு. புருஷன் காத்தமுத்து கொதித்துப்போய்க் கோயிலுக்கே ஓடினான்.

“ஏன்டி, நம்ம மாரியாத்தா உனக்கு என்ன குறை வச்சா? சீனச் சாமிக்கு மாறிட்டியா?”

“சும்மா இருங்க லா!” வடிவம்மாள் இருமினாள். “கரி புடிச்சுக் கிடக்குதேன்னு இந்தத் தூணைச் சோப்புப் போட்டுத் தேச்சுட்டேன். பழைய கோயிலைப் பாதுகாக்க வந்த அதிகாரி தலையில அடிச்சுக்கிட்டாரு. அது நூறு வருஷப் புகையாம். பழையபடி ஆக்கிட்டுத்தான் எனக்கு வேற வேலையாம்.”

காத்தமுத்து அண்ணாந்து பார்த்தான். தூணில் தங்க டிராகன் பளபளத்தது.

“எப்பதான் முடியும்?”

“மூணு மாசம் ஆச்சுல்ல? இன்னும் தொண்ணூத்தொம்பது வருஷம், ஒம்பது மாசந்தான்.”