மூன்று மிஸ்ட் கோல் மழை

"மாரியாத்தா மேல சத்தியமா, என் பொண்டாட்டி தலை மேல சத்தியமா, நான் சொல்றதுல ஒரு சொட்டுப் பொய் கெடையாதுங்க ஐயா. அன்னிக்கு அப்புடி ஒரு மழை!"

"சத்தியம் பண்ண என் தலைதான் கெடைச்சுச்சா? ஒங்க தலைக்கு என்ன கேடு?" என்றாள் மல்லிகா, தேத்தண்ணீர்க் கோப்பையை ஐயாவின் முன் வைத்தபடி.

ஐயா என்பது சிந்துஜன். யாழ்ப்பாணத்துப் பையன், மழை அளக்கும் திட்டத்தில் உத்தியோகம். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மூன்றாம் லயத்துக்குப் பின்புறச் சரிவில் மழைமானிப் பெட்டியை நட்டவன் அவன்தான். இன்டர்நெட் என்றால் மாதாமாதம் செலவு. அதனால் பெட்டிக்குள் ஒரு பழைய ஃபோனையும் சிம்மையும் வைத்து மலிவாக ஒரு வழி செய்திருந்தார்கள்: ஐம்பது மில்லிமீற்றர் மழைக்கு ஒரு மிஸ்ட் கோல். அலுவலகத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள், எண்ணிப் புத்தகத்தில் எழுதுவதோடு சரி. எடுக்காத கோலுக்கு ஏது காசு? ஒரே நாளில் மூன்று வந்தால் சிவப்பு, அதாவது மண்சரிவு அபாயம். சிவப்பு விழுந்த லயத்துக்குப் புது வீட்டுப் பட்டியலில் இடம்.

மே பன்னிரண்டாம் திகதி மூன்று என்று பதிவு. லயத்தின் பதினான்கு குடும்பமும் பட்டியலில் ஏறின. பின்னாலேயே கொழும்பிலிருந்து கடிதம்: அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் மழை இல்லை, கண்ணால் கண்டவரின் வாக்குமூலம் இன்றைக்குள் வராவிட்டால் பெயர்கள் வெட்டப்படும்.

வாக்குமூலம் கொடுக்க முன்வந்தவர் மல்லிகாவின் புருஷன் அழகமுத்து. அந்த மழையைப் பெய்வித்தவரே அவர்தான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து மூன்று வாளி சுமந்துபோய்ப் பெட்டியின் வாயில் ஊற்றியிருந்தார். அவர் ஊற்றியது எட்டாம் திகதி. கோல் போனதோ பன்னிரண்டாம் திகதி. மலிவுச் சாமான்தானே, மெதுவாகத்தான் போய்ச் சேரும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"எவ்வளவு பெரிய மழை அண்ணை?" சிந்துஜன் பேனையைத் திறந்தான்.

"பால் வெட்டக் கட்டியிருந்த செரட்டை பூராவும் நெறைஞ்சு வழிஞ்சு, மலையில வெள்ளையா ஆறு ஓடுச்சுங்க. நம்ம வெள்ளாடு மெதந்து போயி தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டுலதான் கரையேறுச்சு."

"திரும்பி எப்பிடி வந்தது?"

"அஞ்சரை பஸ்ஸுலங்க."

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

சிந்துஜன் சிரிக்கவில்லை. "ஆட்டை விடுவம். சிரட்டையை எழுதுறன். சரி, பக்கத்துத் தோட்டத்து மழைமானியில ஒரு துளியும் இல்லையே, அது ஏன்?"

மாட்டிவிடத்தான் கேட்கிறான் என்று பட்டது அழகமுத்துவுக்கு. "மழை எல்லையில உள்ள தண்ணிக் கானோட நின்னுருச்சுங்க. அந்தப் பக்கம் வேற தொர. கேக்காம உள்ள போக ஏலுமா?"

"மலையில மழை இடத்துக்கு இடம் மாறும் எண்டு எழுதுறன், என்ன?"

"அப்புடியே எழுதுங்க."

"இடி இடிச்சதோ?"

"மலையே ஆடுச்சு!"

"தூரத்தில உள்ளவைக்குக் கேக்காத மாதிரி, மெல்லமாத்தானே?"

"ஆமாங்க... மெல்லமாத்தான் ஆடுச்சு."

சிந்துஜன் எழுந்து சுவரருகே போனான். கூரையிலிருந்து தரை வரை வெடிப்பு. சித்திரையில் வந்தபோது அவன் இரண்டு கரையிலும் போட்டுவிட்டுப் போன பென்சில் கோடுகள் இப்போது இன்னும் விலகியிருந்தன. பேனையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தான். அது வழுக்கி மறுபக்கம் விழுந்தது. வெடிப்பு வழியே ஒரு கை வந்து பேனையை நீட்டியது.

"இந்தாங்க ஐயா. டீவி சத்தத்தக் கொறைக்கவா?" பக்கத்து வீட்டு விஜயகலாவின் குரல்.

"சித்திரைக்குப் பிறகு பெருத்ததோ?" என்று கேட்டான் சிந்துஜன்.

"ரெண்டு வெரல் பெருத்துருக்குங்க." அதுவரை அழகமுத்து சொன்னவற்றில் இது ஒன்றுதான் உண்மை.

சிந்துஜன் கடதாசியை நீட்டினான். "பொய்ச் சாட்சிக்கு மறியல், ஜெயில் எண்டு கீழ போட்டிருக்கு. வாசிச்சிட்டுக் கையெழுத்து வையுங்கோ."

அழகமுத்துவின் கை பாதியில் நின்றது. மறியல் ஒரு பக்கம். சுவர் ஒரு பக்கம்.

"சொல்லிருங்க," என்றாள் மல்லிகா மெதுவாக. "நல்ல பிள்ளையாட்டம் தெரியுது. பாவம், நம்மளால அதுக்கு வேலை போயிறப் போவுது."

"ஐயா..." அழகமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "மழை பேயலைங்க. மூணு வாளி. நான்தான் கொண்டுபோயி ஊத்துனேன்."

சிந்துஜன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். குரல் இறங்கியது.

"உங்கட தண்ணியால ஒரு கோலும் போகேல்லை அண்ணை. எடுக்காத கோலுக்குக் காசு போகாதெண்டு அந்தச் சிம்முக்கு ஒருத்தரும் ரீலோட் போடேல்லை. தை மாசமே லைனை வெட்டிப்போட்டாங்கள். பேசாமக் கையெழுத்தை வையுங்கோ, அந்த மூண்டு கோலையும் புத்தகத்தில எழுதினது நான்தான்."