பதினான்கு முறை விழுந்தவள்

"இதோட பத்து தடவை விழுந்தாச்சு. இவளை நம்பி அப்பாகிட்ட வாய் விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அண்ணன் தனக்குத்தானே முணுமுணுத்தபடி பார்வையாளர் வரிசையில் நெளிந்தான். கீழே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கையூன்றி ஏறிய தங்கை, தலைமுடியைப் பிழிந்துகொண்டே மறுபடியும் தொடக்கக் கோட்டுக்கு நடந்தாள்.

பல நாடுகளின் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்ட தடைதாண்டும் போட்டி அது. இப்போதுதான் முதல் முறையாக இந்த நாட்டுக்கு வருகிறது. காலியாகக் கிடந்த ஒரு கிடங்கைப் பிடித்து, சுழலும் உருளை, ஊஞ்சல் கயிறு, தொங்கும் வளையங்கள், கடைசியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு மொட்டைச் சுவர் என்று எழுப்பியிருந்தார்கள். நாளை மறுநாள் படப்பிடிப்பு.

ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுப்பது அவர்கள் குடும்பத் தொழில். "தாவினது, குதிச்சது எல்லாம் போதும். டிவிக்காரங்க சேர்த்துக்கிட்டா சரி. இல்லேன்னா திங்கக்கிழமை கடையில வந்து உக்காரணும்" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "அவளைக் கட்டாயம் சேர்த்துக்குவாங்க, நான் பொறுப்பு" என்று மார்தட்டியவன் அண்ணன்தான்.

தங்கையோ மூன்று வாரமாகக் காலையில் போவாள், உடம்பெல்லாம் கன்றிப்போய்த் திரும்புவாள். கேட்டால், "வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ணா. வேணும்னா கடைசி நாள் வந்து பாரு" என்று ஓர் அனுமதிச் சீட்டை நீட்டினாள். வந்து பார்த்தால் விழுந்துகொண்டே இருக்கிறாள்.

பக்கத்து நாற்காலியில், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பொறியாளர் அம்மா, மடியில் ஒரு பெரிய தாளை விரித்து வைத்திருந்தார். தங்கை விழுந்த ஒவ்வொரு முறையும் அதில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். மார்க் போடுகிறவர் இவர்தான் என்று அண்ணன் முடிவுகட்டினான்.

"மேடம், அவ எப்பவும் இப்படி இல்லைங்க. எங்க வீட்டு மதில் மேல பூனை மாதிரி நடப்பா."

"தெரியுமே" என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு மைக்கில், "பதினொண்ணு, போகலாம்" என்றார்.

தங்கை ஓடினாள். உருளையைத் தாண்டினாள். கயிற்றில் பறந்தாள். மூன்றாவது வளையத்தில் கை நழுவ, மல்லாந்து பொத்தென்று தண்ணீரில் விழுந்தாள்.

சற்று நேரம் தண்ணீருக்கு மேலே எதுவும் தெரியவில்லை. அண்ணன் எழுந்தே விட்டான். அப்புறம் தலை வந்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இத்தனை தடவை விழுந்த கழுதைக்கு இந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"அருமை" என்றார் பொறியாளர் அம்மா. "இவ்வளவு நல்லா விழுற ஆளை நான் பார்த்ததே இல்லை."

அவனுக்குச் சுருக்கென்றது. "கிண்டல் பண்ணாதீங்க மேடம். எத்தனை தடவை விழுந்தாலும் திரும்ப எழுந்து ஓடறாளே, அதைப் பாருங்க."

"அதைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன். இன்னும் மூணு பாக்கி."

இன்னும் மூன்று வாய்ப்பு என்று அவன் விரல் மடக்கினான். பன்னிரண்டாவது தடவை உருளையிலிருந்து பக்கவாட்டில் சரிந்தாள். பதிமூன்றாவது தடவை கயிற்றிலிருந்து தலைகுப்புற. விளக்கு கட்டிக்கொண்டிருந்தவர்களும் பலகை அறைந்துகொண்டிருந்தவர்களும் கைவேலையைப் போட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

பதினான்காவது தடவை எல்லாவற்றையும் தாண்டி மொட்டைச் சுவருக்கே வந்துவிட்டாள். ஓடிவந்த வேகத்தில் எகிறி, இரண்டு கையாலும் சுவரின் விளிம்பைப் பிடித்தாள். "விட்டுடாத, விட்டுடாத" என்று அண்ணன் முன் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் விட்டுவிட்டாள். சறுக்கிக்கொண்டு வந்து மெத்தையில் உருண்டாள். பாவம், கை ஓய்ந்திருக்கும் என்று நினைத்தான்.

எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயிக்காவிட்டால் போகிறது, இந்த நெஞ்சழுத்தம் எத்தனை பேருக்கு வரும் என்று நினைத்தபோது அவனுக்கும் துணிச்சல் வந்தது.

"மேடம், நீங்க சேர்த்துக்கலைன்னாலும் பரவாயில்லைங்க. எங்கப்பாகிட்ட நான் சண்டை போட்டுக்கிறேன். இவளை நான் கடையில உக்கார விடமாட்டேன்."

பொறியாளர் அம்மா முதல் முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தார். "சேர்த்துக்கிறதா?"

அதற்குள் தங்கை ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள். அவளைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து நின்று, தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"மூணாவது வளையத்துக்குக் கீழ ஆழம் பத்தலை மேடம், முதுகு தரையில தட்டுது" என்றாள் தங்கை. "அதை இன்னிக்கே சரிபண்ணிடுங்க, திரும்ப விழுந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன். மத்த பதிமூணு இடத்துல யார் எப்படி விழுந்தாலும் அடிபடாது."

"சரிங்க" என்று குறித்துக்கொண்ட அந்த அம்மா, வாய் பிளந்து நின்ற அண்ணனிடம் திரும்பினார். "எந்த இடத்துல விழச் சொன்னாலும் அதுவரைக்கும் விழாமப் போகத் தெரிஞ்ச ஆள், தேர்வுக்கு வந்த முந்நூறு பேர்ல இவங்க ஒருத்தர்தான் சார். வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம் ஆகுது, இவங்க கையெழுத்து இல்லாம நாளன்னிக்குப் போட்டியே கிடையாது."