பரீட்சைக்கு எழுதினது

சாப்பாட்டு இடைவேளை. தையல் மெஷின்கள் ஓய்ந்த கூடத்தில் ஜன்னல் வெயில் நூல்தூசியோடு சாய்ந்து விழுகிறது. சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற அக்கா, திறக்காத டிபன் டப்பாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள். திரையில், கடலுக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கும் அவள் கணவன். மூன்று வருஷமாக அவன் உள்ளங்கை அகலம்தான். நாளைக்கு அவளுக்கு ஆங்கிலப் பரீட்சை. தேறினால்தான் அவனிடம் போக விசா. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இரண்டு செயல்களை ஒரே வாக்கியமாகச் சேர்க்கிற பயிற்சித்தாளில் விரலை ஓட்டிக்கொண்டு படிக்கிறாள்.

"ஐ குக் அண்ட் யூ ஈட். நான் சமைக்கிறேன், நீங்க சாப்பிடறீங்க. சரியா?"

"சரிதான்." அவன் கையில் காகிதம் சுற்றிய ரொட்டி இருக்கிறது. "எப்ப சமைச்சே?"

"கிண்டலா? பரீட்சைக்கு எழுதினது."

அவன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை படி."

"ஐ குக்" என்கிறாள். அவன் ரொட்டியை வாயருகே கொண்டுபோய்க் காத்திருக்கிறான். "அண்ட்..." என்று இழுக்கிறாள், குரல் அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறது. "யூ ஈட்." அவன் ஒரு வாய் கடிக்கிறான். அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லுகிறான். மணி அடிக்கிறது. பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்குகின்றன. தாளில் இன்னும் ஒன்பது வாக்கியங்கள் பாக்கி. அவள் மறுபடியும் முதல் வாக்கியத்திலேயே விரலை வைக்கிறாள். அவன் கையில் பாதி ரொட்டி மிச்சமிருக்கிறது.