அத்தையின் நிறம்

"'நல்லா இருக்கு.' ரெண்டே வார்த்தை மாமா. எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"நல்லா இருக்கு."

"பல்லைக் கடிக்காம."

கத்திரி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். கசப்பு மருந்தை விழுங்கிய குழந்தை மாதிரி முகம் கோணியது. எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

புகைப்படச் சங்கத்தில் வைத்த பெயர்தான் கத்திரி. உறுப்பினர்கள் எடுத்துவரும் முகப்படங்களுக்குக் கருத்துச் சொல்வது அவர் பொறுப்பு. சொல்லி முடிக்கும்போது படமும் கந்தல், எடுத்தவரும் கந்தல். அதிலும் தோல் நிறம் என்று வந்துவிட்டால் ஈவு இரக்கம் கிடையாது. "இது முகமா, வேகவச்ச கிழங்கா?" என்று கேட்டு ஒரு பல் டாக்டரை கேமராவையே விற்க வைத்தவர். சுவரின் சாயல் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாதென்று வீட்டுக் கூடம் முழுக்கச் சாம்பல் வண்ணம் அடித்து, குடும்பத்தையே நிரந்தர மேகமூட்டத்தில் வைத்திருந்தார்.

வீட்டுக்குள் வந்த பிறகாவது அந்தக் கத்திரியை மடக்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. போன வாரம் அவர் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து கத்திரி தானே சமைத்து, தானே சாப்பிட்டு, முதல்முறையாகக் குறை சொல்ல ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அத்தை என்னதான் சொன்னா? மறுபடி சொல்லுங்க மாப்பிள்ளை."

"'நீங்க எடுத்த என் படத்தைக் கொண்டுபோய் அவர்கிட்ட காட்டுங்க. அவர் என்ன சொல்றார்னு நான் போன்ல கேட்கணும். கேட்டுட்டு, வீட்டுக்குப் போறதா, இங்கேயே இருந்துடறதான்னு முடிவு பண்றேன்.' இதான் மாமா. நீங்க மட்டும் ஏதாவது நொட்டை சொன்னீங்க, அவ்வளவுதான். அத்தை வந்ததுலேருந்து நான் சோஃபாவுல படுக்கறேன். என் முதுகையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"எடுத்தது நீங்க. கேமரா வாங்கி ஒரு மாசம்கூட ஆகல. அதை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! இதைத்தான் சொல்றேன்."

கத்திரி வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை போனைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"அத்தை, மாமா படத்தைப் பார்க்கப் போறார்."

"பார்க்கட்டும்" என்றது போன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுமே கத்திரி போன் பக்கமாகச் சாய்ந்தார். வா என்று அழுதுவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் பெரிய திரையில் படம் விரிந்தது.

ஜன்னல் ஓரத்தில் அவர் மனைவி. பாதிச் சிரிப்பு. கத்திரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

"என்ன, சத்தத்தைக் காணோம்?" என்றது போன்.

"வெளிச்சம்... வெளிச்சம் நல்லா இருக்கு."

மேஜைக்கு அடியில் மாப்பிள்ளை அவர் காலை மிதித்தார். 'படம், படம்' என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"படம் நல்லா..."

அதற்குமேல் வரவில்லை. 'இருக்கு' என்கிற வார்த்தை வாசல் வரை வந்து, செருப்பைப் போடாமலே திரும்பிப் போய்விட்டது.

"யாருய்யா இவளை இப்படி வெளுத்தது?" என்று கத்திரி வெடித்தார்.

"மாமா!"

"இருங்க மாப்பிள்ளை! நெற்றியும் கன்னமும் ஒரே நிறமா இருக்கே, இவ முகம் என்ன சுண்ணாம்பு அடிச்ச சுவரா? அவளுக்கு நெற்றி ஒரு படி கறுப்பு. கன்னம் அதைவிடக் கொஞ்சம் தெளிவு. மூக்குக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தின இடம் மட்டும் தனியா வெளிறி இருக்கும். அது எங்க?"

"அத்தை பளிச்சுனு இருக்காங்கன்னு..."

"பளிச்சா! அவ நிறத்துக்கு என்ன குறைச்சல்? சிரிச்சா முதல்ல கண்ணுக்குக் கீழ ஒரு செம்மை வரும். அப்படியே காது வரைக்கும் போகும். கறுத்த தோல்ல அந்தச் செம்மை வர்றது எவ்வளவு அழகு தெரியுமா? அதைத் துடைச்சு எறிஞ்சுட்டு வச்சிருக்கீங்களே! இது உங்க அத்தையே இல்ல. யாரோ பவுடர் டப்பாவுக்குள்ள விழுந்து எழுந்த பொம்பளை!"

மூச்சு வாங்கியது. அப்போதுதான் மேஜைமேல் இருந்த போன் அவர் கண்ணில் பட்டது.



"முடிஞ்சுது" என்று முனகி மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கத்திரி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அது வந்து... படம் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நான் தூக்கக் கலக்கத்துல..."

"போதும்" என்றாள் மனைவி. குரல் கரகரத்திருந்தது. "மாப்பிள்ளை, என் பெட்டியை எடுத்துவைக்கச் சொல்லிட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

"எங்க, அத்தை?"

"என் வீட்டுக்குத்தான். நீங்க எடுத்த படத்துல ஒரு குறையும் இல்ல மாப்பிள்ளை, நீங்க குளிக்கப் போனப்ப அதைக் கம்ப்யூட்டர்ல வெளுத்துவச்சது நான்தான். ஊர்ல இருக்கிறவங்க மூஞ்சியையெல்லாம் பார்க்கிற மனுஷன் என் மூஞ்சியை ஒருநாளாவது பார்த்திருப்பாரான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லியிருந்தார்னா, இந்த ஜென்மத்துல அந்த வாசப்படியை மிதிச்சிருக்க மாட்டேன்!"