பாண் ஆட்டோவின் பாட்டு

மாத்தளை பஹ்மிதாவின் கணவர் ஸுஹைல், பெரு நாட்டில் அமேசன் ஆற்றில் ஓடும் சுற்றுலாக் கப்பலில் சமையற்காரர். பயணிகளோடு காடு பார்க்க இறங்கியவர் வழிதவறிவிட்டார் என்று திங்கட்கிழமை தகவல் வந்தது. இரண்டு நாளாக அவள் தொழுகைப் பாயை விட்டு அசையவில்லை. தினமும் மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்க வரும் நிமலனின் ஆட்டோவுக்குக்கூட எழுந்து போகவில்லை.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பெருவில் காலை ஆறரைக்கு, அவரே வீடியோவில் வந்தார். முகமெல்லாம் கொசுக்கடி.

“அல்ஹம்துலில்லாஹ்! நல்லா ஈக்கிறீங்களா? எப்படி வந்து சேந்தீங்க?”

“இப்ப விடியக்கொள்ள நம்ம நிமலன்ட பாண் ஆட்டோ பாட்டுக் கேட்டிச்சி, பஹ்மி. அவன்தான் நிக்கமாட்டானே, விழுந்தடிச்சி ஓடினேன். ஆத்தங்கரையில பாட்டு நிண்டிச்சி. பாத்தா, முன்னால நம்ம கப்பல்.”

“பசியில என்னவெல்லாம் கேட்டீக்கு உங்களுக்கு!” பஹ்மிதா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகுதான் தனக்கும் பசிப்பது தெரிந்தது.

வாசலில் அதே பாட்டுக் கேட்டது. நான்கு மணிக்குத் தவறாமல் வரும் ஆட்டோ அன்று ஐந்தரைக்கு வந்தது. நிமலன் பாணை நீட்டியபடி கேட்டான்:

“ராத்தா, நம்ம ஸுஹைல் நானா எப்ப ஊருக்கு வந்தாரு? சத்தம் போட்டுக்கிட்டே பின்னால ஓடி வந்தாரு. நிப்பாட்டிட்டுத் திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்.”

பஹ்மிதா குனிந்து பார்த்தாள். ஆட்டோவின் மூன்று சில்லுகளிலும் ஈரச் சேறு அப்பியிருந்தது. மாத்தளையில் மழை பெய்து ஒரு மாதமாகிறது.

 வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, நிமலன் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, மூன்று சில்லுகளையும் தன் கையாலேயே கழுவிவிட்டாள்.